மூன்றாவது பணியிடம்

"இருபது காப்பி. ரெண்டு பக்கமும். கொஞ்சம் சீக்கிரம் அக்கா, நாலு மணிக்குள்ள கொடுத்தாகணும்."

தாளை நீட்டியவனுக்கு முப்பது வயதிருக்கும். கூட வந்தவன் மடங்க மறுத்த குடையோடு வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். டைப்பிங் கடைக்காரி தாளை வாங்கி நகல் இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்தாள். கவிழ்ப்பதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பது பதினாறு வருடப் பழக்கம். கோணலாக வைத்தால் ஓரம் வெட்டுப்படும் என்பதற்காகத்தான் பார்ப்பாள், படிப்பதற்காக இல்லை.

அன்றைக்குப் படித்துவிட்டாள்.

'பெறுநர்: தலைவர், பணி நியமனக் குழு, மின் வாரியம். பொருள்: கேபிள் பழுது கண்டறியும் நிபுணர் பணியிடத்துக்குத் தேர்வு விலக்கு அளிப்பதை எதிர்த்து.'

இயந்திரத்தின் வெளிச்சம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடியது. அவள் தாளை எடுத்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல மறுபடி படித்தாள்.

'தேர்வு எழுதும் வயது கடந்த ஒப்பந்தப் பணியாளர் ஒருவரைப் புறவாசல் வழியாக நிரந்தரப் பணியில் அமர்த்த நடக்கும் முயற்சி, முறையாகத் தேர்ச்சி பெற்றுக் காத்திருக்கும் எங்கள் வயிற்றில் அடிப்பதாகும்...'

அந்த ஒப்பந்தப் பணியாளர் இன்று காலையில்தான் அவளுடைய பையில் குடையைத் திணித்து, "மறந்துட்டு வராத, இது மூணாவது குடை" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவளுடைய புருஷன்.

"என்ன அக்கா, மெஷின் மக்கர் பண்ணுதா?"

"இல்லப்பா. மழைக்குத் தாள் நமுத்துப் போச்சு. ஒண்ணொண்ணா விடறேன்."

இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துகள். பதினான்கு பேர். மூன்றாவது கையெழுத்தின் கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் நீண்டு அடுத்தவனுடைய கட்டத்துக்குள் போயிருந்தது. அந்த வாலை வெட்டு, வெட்டு என்று சொல்லிச் சொல்லி அலுத்தவள் அவள். அம்மா போன பிறகு அவனைக் கூட வைத்துக்கொண்டு, எழுதப் படிக்க வைத்து, இன்றுவரை சோறு போடுகிறவளும் அவள்தான்.

அவளுடைய சொந்தத் தம்பி.

இருபது பிரதிகளையும் எண்ணி அடுக்கி, ஓரம் தட்டி, பின் அடித்துக் கொடுத்தாள். ஒரு பின் வளைந்துவிட்டது. அதைப் பிடுங்கிவிட்டு வேறு அடித்தாள்.

*

விஷயம் இதுதான். அவளுடைய புருஷனை வாரியத்தில் 'காதுக்காரர்' என்றால்தான் தெரியும். தரைக்கடியில் ஓடும் கேபிள் எங்கே செத்தது என்று மேலேயிருந்து கண்டுபிடிப்பது அவர் வேலை. வேனிலிருக்கும் இயந்திரம் ஐந்து நொடிக்கு ஒரு தரம் கேபிளுக்குள் மின்சாரத்தைப் படாரென்று அனுப்பும். பழுதான இடத்தில் அது மண்ணுக்குள்ளேயே வெடித்து 'தொம்' என்று சத்தம் போடும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, லாரி, ஹாரன், மழை அத்தனைக்கும் நடுவில் அந்தத் தொம்மைத் தேடி நடக்க வேண்டும். சரியான இடத்தில் தோண்டினால் ஒரே குழி, தப்பினால் தெரு முழுக்கக் குழி. பதினொரு வருடத்தில் அவர் தோண்டச் சொல்லித் தப்பிய குழி இரண்டே இரண்டு. இரண்டையும் இன்னும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்.

பதினொரு வருடமும் ஒப்பந்தம். பதினொரு மாதத்துக்கொரு முறை புதுத் தாள், புதுக் கையெழுத்து. இப்போது மேலேயிருந்து உத்தரவு வந்துவிட்டது: இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்த ஆட்கள் யாரும் கிடையாது. மூன்று நிரந்தரப் பணியிடம், தேர்வெழுதித் தரவரிசையில் வந்தவர்களுக்கு மட்டும். காதுக்காரருக்கு வயது நாற்பத்தேழு. தேர்வுக்கான உச்ச வயது முப்பத்தைந்து.

ஒரே ஒரு சந்து இருந்தது. எழுத்துத் தேர்வால் அளக்க முடியாத திறமை உள்ள நிபுணர் என்று குழு ஒப்புக்கொண்டால் ஒருவரை மட்டும் தேர்வில்லாமல் எடுக்கலாம். பெரிய இன்ஜினியர் அதற்குத்தான் எழுதிப் போட்டிருந்தார். அப்படி எடுத்தால் பட்டியலுக்கு மிஞ்சுவது இரண்டு பணியிடம்.

பட்டியலில் தம்பி மூன்றாவது. பட்டியலுக்கும் மாதக் கடைசி வரைதான் ஆயுள். இரண்டு மாதத்தில் அவனுக்கும் முப்பத்தைந்து முடிகிறது.

ஒரு பணியிடம். ஒரே வீட்டில் இரண்டு பேர்.

*

அன்று சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, முட்டைக் குழம்பு, வறுத்த உருளைக்கிழங்கு. மழை ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஒரு கூத்து," என்றார் காதுக்காரர். "ஆஸ்பத்திரி ரோட்டுல நடந்துட்டிருக்கேன், காதுல மெஷினு. ஒரு பெரியவர் வந்து, 'தம்பி, ஸ்கோர் என்ன?'ன்னாரு. 'இன்னும் விழல பெரியவரே, விழுந்தா சொல்றேன்'னேன். நின்னு காத்திருந்தாரு மனுஷன்!"

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்தாள். வைத்த வேகத்தில் குழம்பு மேஜையில் தெறித்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு. தெம்பு வேணுமில்ல, வாரியத்துக்கு ஓடி ஓடிக் கையெழுத்துப் போடறவனுக்கு."

அவன் வாயில் வைத்த கவளம் நின்றது. காதுக்காரர் நிமிர்ந்து இருவரையும் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கை அருகில் இழுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "காலையிலேயே சொல்லிட்டான்."

"உங்ககிட்ட சொன்னானா? என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா முட்டை கிடைக்காதுன்னு பயம்."

"விளையாடாதீங்க!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "புறவாசல்னு எழுதியிருக்காங்க உங்களை. நாலு மழைக்கும் ரோட்டுல முட்டி போடறவரைப் பார்த்துப் புறவாசலாம். அதுக்குக் கீழ இவன் கையெழுத்து!"

"அந்த வார்த்தை நான் எழுதினதில்லக்கா. வேண்டாம்னுதான் சொன்னேன்."

"கையெழுத்துப் போடும்போது கண்ணு தெரியலையா?"

தம்பி தட்டைப் பார்த்தபடியே பேசினான். "ஆறு வருஷமா எழுதறேன்க்கா. நாலு தடவை பட்டியல்லயே இல்ல. ஒரு தடவை ஒரு மார்க்குல போச்சு. இப்ப மூணாவதா வந்திருக்கேன். மூணு இடம் இருக்கு. நான் கையெழுத்துப் போடலைன்னா மத்தவன் என்ன சொல்வான்? மாமாகிட்ட பேசி முடிச்சிட்டான்னு சொல்வான். பட்டியல் முடிஞ்சா எனக்கு என்ன இருக்கு சொல்லு? உன் கடையில ஜெராக்ஸ் எடுக்கவா?"

"எடுத்தா கேவலமா?"

"இந்தா, ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றார் காதுக்காரர். "அவன் கேக்கறது அவன் இடம். நான் கேக்கறது என் இடம். ரெண்டும் ஒரே இடமாப் போச்சு. யாரைப் போய் அடிக்கிறது? குழம்பு ஊத்து."

அவள் ஊற்றினாள்.

*

வியாழக்கிழமை விசாரணை. வாரியத்தின் இரண்டாம் மாடி, நீள மேஜை, மூன்று பேர் குழு. தலைவியம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுகிற ஆள். ஆனால் கேள்வி மட்டும் குறி தவறாது. பட்டியல்காரர்கள் ஒரு பக்கம், பெரிய இன்ஜினியரும் காதுக்காரரும் மறுபக்கம். அவள் கடைசிப் பெஞ்சில், எந்தப் பக்கமும் இல்லாமல் தூண் மறைவில் உட்கார்ந்தாள்.

பட்டியல்காரர்களின் ஆள் எழுந்து ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். நீல அட்டை.

அது காதுக்காரர் எழுதிய கையேடு. மூன்று வருடத்துக்கு முன் பெரிய இன்ஜினியர் கேட்டார் என்பதற்காக, பழைய நோட்டுகளில் கிறுக்கி வைத்திருந்ததையெல்லாம் திரட்டினார்கள். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் தட்டச்சு செய்தவள் அவள். விலக்குக்கான கோப்பில் பெருமையாக முதலில் வைத்ததும் அவள்தான். இவ்வளவு தெரிந்தவர் என்று காட்டத்தான் வைத்தாள்.

"அம்மா, தேர்வுல இருபது கேள்வி இந்தப் புத்தகத்துலேர்ந்து வந்தது. நாங்க படிச்சோம், எழுதினோம், பாஸ் பண்ணினோம். எழுத்துத் தேர்வால அளக்க முடியாத திறமைன்னா, அதை எப்படி அவரே எழுத்துல எழுதினாரு?"

பெரிய இன்ஜினியர் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைவியம்மாள் காதுக்காரர் பக்கம் திரும்பினாள். "இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"இதைப் படிச்சவன் உங்க வேலையைச் செய்ய முடியுமா?"

முடியாதுன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. அவள் தூணுக்குப் பின்னாலிருந்து உதட்டை அசைத்தாள்.

காதுக்காரர் அந்த நீல அட்டையைப் பார்த்தார். "முடியணுங்க. அதுக்காகத்தானே எழுதினேன்."

பட்டியல்காரர்கள் பக்கம் சலசலத்தது. ஒருவன் பெஞ்சைத் தட்டினான். தம்பி மட்டும் தலை குனிந்திருந்தான்.

"இருங்க, இருங்க. கைதட்ட இது கல்யாண வீடு இல்ல," என்றாள் தலைவியம்மாள். "முடியணும்னு அவர் ஆசைப்படறாரு. முடியுமான்னு எனக்குத் தெரியணும். அந்த ஒரு பணியிடம் போனா நஷ்டம் யாருக்கு? மூணாவது ஆளுக்கு. யாரு அது?"

தம்பி எழுந்தான்.

"அடுத்து எங்க கேபிள் போனாலும் இவர் போகட்டும். வேன், ரெண்டு ஆளு, பாக்கெட்டுல புத்தகம். மூணு மணி நேரம். கண்டுபிடிச்சா தேர்வே போதும், விலக்குக்கு வேலையில்ல. கண்டுபிடிக்கலைன்னா விலக்கு. ஐயா, அந்த மூணு மணி நேரமும் நீங்க வீட்டை விட்டு வெளிய வரக்கூடாது, இவரோட பேசக்கூடாது. சரியா?"

"ஒரே வீடுங்க," என்றார் காதுக்காரர்.

"யாரு?"

"அவன் என் மச்சினன். என் வீட்டுலதான் இருக்கான்."

தலைவியம்மாள் தலையிலிருந்து கண்ணாடியை இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்குய்யா உங்க குடும்பம்," என்றாள். "வீட்டுல என்ன வேணும்னா பேசிக்குங்க. வேலை ஆரம்பிச்ச நிமிஷத்துலேர்ந்து பேசக்கூடாது."

*

அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டுக்குள் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். உள் அறையில் தம்பி கையேட்டை வாய்விட்டுப் படிப்பான். கூடத்தில் காதுக்காரர் செய்தித்தாளைப் பிரித்தபடி, "என்னை வச்சுக்கிட்டே என்னைப் படிக்கிறான் பாரு" என்பார். சந்தேகம் கேட்க அவன் வரவில்லை. கேட்டால் இவர் சொல்லியிருப்பார். அதனால்தான் அவன் வரவில்லை என்று அவளுக்குப் பட்டது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு, மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஃபேன் ஒரு முனகலோடு நின்றது.

மூவரும் மேலே பார்த்தார்கள். போன் அடித்தது. பதினொரு வருடமாக இப்படி அடித்தால் அது காதுக்காரரின் போன். அவர் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. அடித்தது தம்பியின் போன்.

"நம்ம லைன்தான்க்கா," என்றான் பேசி முடித்து. முகம் வெளிறியிருந்தது. "தண்ணி டேங்குக்குப் போற கேபிளும் அதேதான்."

நின்றபடியே நான்கு வாய் சோறு தின்றான். அவள் உலர்ந்த சாக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். காதுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். தம்பி நீல அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான்.

ஒன்றரைக்கு வேன் தயாராகிக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. கெடு நாலரை.

மாடியிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏம்மா, ஒரே வீட்டுல ரெண்டு கரண்டுக்காரங்களை வச்சிருக்க. வாசல்ல ஒரு பல்பு எரியல! எனக்கு நாலு கோட்டு பாக்கி நிக்குது!"

"கொஞ்சம் பொறுங்க அண்ணே."

"பொறுத்துக்கறேன். கோட்டுக்காரன் பொறுக்கணுமே."

இரண்டே முக்கால் மணிக்குத் தரை சொன்னது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. சமையலறையில் தண்ணீர் டம்ளரின் மேல்மட்டம் லேசாக நடுங்கியது. ஐந்து நொடி. மறுபடி நடுங்கியது.

கூடத்தில் காதுக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையைத் தரையில் விரித்து வைத்திருந்தார். கண் மூடியிருந்தது.

"இங்கதான்," என்றார் மெதுவாக. "நம்ம கேட்டுக்கு வெளிய. பத்தடி இருக்கும்."

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். வேன் தெரு முனையில் நின்றது. குடைகளுக்கடியில் பெரிய இன்ஜினியரும் தலைவியம்மாளும். தம்பி காதில் கருவியோடு அங்கே வடிகால் மூடிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். பிறகு நடந்து இவர்கள் கேட் வரை வந்தான். நின்றான். திரும்பி வடிகாலுக்கே போனான். வந்தான். போனான்.

"அலையறாங்க."

"அலைவான். கேபிளுக்குப் பக்கத்துலயே மழைத்தண்ணிக் குழாய் போகுது. வெடிக்கிறது இங்க, சத்தத்தைக் குழாய் அங்க கொண்டு போகுது. ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி கேக்கும்." அவர் எழுந்து துண்டால் கையைத் துடைத்தார். "ஒண்ணும் பயமில்ல. அதையும் எழுதியிருக்கேனே. இன்னும் அஞ்சு நிமிஷத்துல புடிச்சிடுவான் பாரு."

முகத்தில் கவலை இருந்தது. அதோடு ஒரு பெருமையும் இருந்தது. அவள் அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

ஏனென்றால் அது கையேட்டில் இல்லை.

அவள்தான் எடுத்துவிட்டாள். அவருடைய நோட்டில் ஐந்து வரி. 'ரெண்டு இடத்தில் ஒரே மாதிரி கேட்டால் காதை நம்பாதே. முட்டி போட்டு, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைத் தரையில் வை. குழாய் சத்தத்தை மட்டும்தான் கொண்டு வரும். பழுது இருக்கும் இடம் கையைத் தட்டும்.' அதைத் தட்டச்சு செய்த வாரம்தான் ஹெல்மெட் போடவில்லை என்று ஓர் ஒப்பந்த ஆளை வாரியம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இயந்திரம் ஓடும்போது கையுறையைக் கழற்றுவது அதைவிடப் பெரிய குற்றம். இதை அச்சில் போட்டால் இவரே தன் கைப்பட ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, கேட்காமல் கொள்ளாமல் விட்டுவிட்டாள். அவர் அச்சான புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. "நானே ஜோக் சொல்லி நானே சிரிக்கிற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

மூன்று மணி நாற்பது. கொல்லைப்புறம் தண்ணீர் தேங்கிவிட்டது என்று அவர் வாளியோடு போனார். அவளுடைய போன் அதிர்ந்தது.

"அக்கா." மழை இரைச்சலுக்குள் தம்பியின் குரல் மூச்சிரைத்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். வேனுக்குப் பின்னால் மறைந்து நின்று பேசிக்கொண்டிருந்தான். "மாமா பேசக்கூடாது. தெரியும். அவருக்குக் குடுக்காத. உன்னைத்தான் கேக்கறேன். யாரும் உன்கிட்ட பேசக்கூடாதுன்னு சொல்லல."

"என்னடா?"

"ரெண்டு இடத்துல சத்தம் வருது. புத்தகத்தை ரெண்டு தடவை புரட்டிட்டேன், இல்ல. மாமா வீட்டுல ஏதாவது சொல்லியிருக்காரா? நோட்டுல ஏதாவது பார்த்தியா? எல்லாத்தையும் டைப் அடிச்சது நீதானே. யோசிச்சுப் பாருக்கா. ஒரு குழிதான் தோண்ட டைம் இருக்கு."

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. கையுறையைக் கழட்டு. இரண்டே வார்த்தை. சொன்னால் பத்து நிமிடத்தில் மண்வெட்டி இறங்கும், விளக்கு வரும், தையல்காரரின் கோட்டு தைபடும். மாதக் கடைசியில் கொல்லைப்புறத்தில் தண்ணீர் இறைக்கும் மனிதருக்குப் போக இடமிருக்காது. நாற்பத்தேழு வயதில் தரைக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெரியும் என்று யாரிடம் போய் வேலை கேட்பார்?

சொல்லாவிட்டால்...

"அக்கா? கேக்குதா?"

கொல்லையில் வாளி மோதும் சத்தம் கேட்டது.

"தெரியலடா," என்றாள். "எனக்கு எதுவும் ஞாபகமில்ல."

வேனுக்குப் பின்னால் அவன் நீல அட்டையை உறைக்குள் செருகுவது தெரிந்தது.

"சரிக்கா," என்றான் அவன்.

*

வடிகால் மூடிக்குப் பக்கத்தில் மண்வெட்டி இறங்கியபோது மணி நாலு. காதுக்காரர் ஈரக் கைலியோடு ஜன்னலுக்கு வந்தார்.

"அங்க ஏன் தோண்டறான்?" என்றார். "அங்க இல்லையே! கை வச்சுப் பார்த்தானா இல்லையா?"

"பார்த்திருப்பான்."

"பார்த்திருந்தா அங்க தோண்டுவானா? என்ன கூத்து இது..." அவர் கதவு வரை போய்விட்டார். தாழ்ப்பாளில் கை வைத்தார். அவர் கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி போனார். மறுபடி வந்தார். தம்பி வெளியே அலைந்த மாதிரியே இவர் உள்ளே அலைந்தார்.

குழி இடுப்பளவு ஆனது. கேபிள் தெரிந்தது. கருகல் இல்லை, வெடிப்பு இல்லை, புதுசு மாதிரி பளபளவென்று கிடந்தது. தம்பி குழிக்குள் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். மழைத்தண்ணீர் அவன் முழங்கால் வரை ஏறியது.

நாலரைக்குப் பெரிய இன்ஜினியர் வந்து கதவைத் தட்டினார். "வாங்கய்யா."

காதுக்காரர் சட்டையைக் கூட மாற்றவில்லை. கேட்டைத் திறந்தார், பத்தடி நடந்தார், கருவியைக் கூட வாங்காமல் முட்டி போட்டார். கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு, மாட்டிய கையோடு வலது கையிலிருந்து கழற்றினார்.

தலைவியம்மாள் குடையைச் சாய்த்தாள். "என்ன, கையுறையைக் கழட்டறாரு?"

"அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க," என்றார் பெரிய இன்ஜினியர். "அந்தக் கம்பத்துல ஒரு காக்கா உக்காந்திருக்கு."

"எங்க?"

"இப்பதான் பறந்துடுச்சு."

காதுக்காரர் இரண்டு தொம்முக்குக் காத்திருந்தார். மூன்றாவதில் கையை எடுத்து ஈர மண்ணில் விரலால் ஒரு கோடு கிழித்தார். "இங்க."

இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தோண்டினார்கள். மூன்றடி ஆழத்தில் கேபிள் இணைப்பு கருகி, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

தலைவியம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு கோப்பைப் பிரித்து மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினாள். "இதை எந்தக் கேள்வித்தாள்ல கேக்கறது? கேட்டா என்னை உள்ள தள்ளுவாங்க," என்று முணுமுணுத்தாள். "விலக்குக்குப் பரிந்துரை பண்றேன். தம்பி, உங்க மேல தப்பில்ல. புத்தகத்துல உள்ளதை அத்தனையும் சரியாப் பண்ணீங்க."

தம்பி தலையாட்டினான். சேறு படிந்த நீல அட்டையை உறையிலிருந்து எடுத்து, உதறி, மறுபடி உள்ளே வைத்தான்.

இணைப்பைச் சரி செய்து ஆறே காலுக்கு விளக்கு வந்தது. தெரு முழுக்க 'ஓ'வென்று சத்தம். மாடியில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

*

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மத்தியானச் சோறுதான், சூடு பண்ணியது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. தட்டில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத் தெரிந்தது.

காதுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயித்த முகமாகவே இல்லை. இரண்டு தடவை தம்பியைப் பார்த்தார். மூன்றாவது தடவை பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏன்டா, ரெண்டு நாளா விழுந்து விழுந்து படிச்சியே. ரெண்டு இடத்துல கேட்டா கை வச்சுப் பாருன்னு அவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன். அதை எப்படிடா விட்ட? எனக்காக விட்டியா? அப்படி ஏதாவது பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடு, நான் போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

அந்த நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் வரி விடாமல் ஒப்பிக்கக்கூடியவன் தம்பி. அவன் மாமாவைப் பார்த்தான். புரியாமல் புருவத்தைச் சுருக்கினான். பிறகு மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் எதைப் படித்தானோ, அவனுடைய புருவம் விரிந்தது.

மாடியில் தையல் இயந்திரம் நின்று, மறுபடி ஓடியது.

"இல்ல மாமா," என்றான். "மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? அதையா?"

"ஆமா மாமா. பதட்டத்துல மறந்துட்டேன்."

காதுக்காரர் பெருமூச்சு விட்டார். "போடா. இதைப் போய் மறப்பாங்களா," என்று சொல்லிவிட்டு அப்போதுதான் முதல் கவளத்தை எடுத்தார்.

தம்பிக்குச் சோறு தொண்டையில் அடைத்தது. இருமினான். தண்ணீர்ச் செம்பு அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து, "அக்கா, தண்ணி" என்று கேட்டுத்தான் குடித்திருக்கிறான். அவள் செம்பைத் தூக்கி நீட்டினாள்.

அவன் எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து கையாலேயே பிடித்துக் குடித்தான்.